குளிர் யாருக்கு?

மார்கழி மாதம் வந்தால் நம் ஊர்த் தெருக்களில் இரண்டு மாறுதல்களைப் பார்க்கலாம். பெரிய மனிதர்களின் தலையில் குரங்குக் குல்லா ஏறிவிடுகிறது. அவர்கள் வீட்டு நாய்கள் தெருவிலிருந்து மறைந்துவிடுகின்றன. முதல் மாறுதலைப் பற்றி எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. தலை அவரவருடையது, அதை எதைக் கொண்டு மூடிக்கொள்வது என்பது அவரவர் இஷ்டம். இரண்டாவது மாறுதலைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் சண்டை போடலாம் என்று உத்தேசம்.

"என்ன ஸார், பத்து நாளாக உங்கள் ராஜாவைத் தெருவிலே காணோமே?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

"பாவம் ஸார், வாயில்லா ஜீவன். இந்தப் பனியிலே அதை வெளியே இழுத்துக்கொண்டு போகலாமா? தை பிறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்" என்று பதில் வரும்.

சொல்லும்போது குரலில் கருணை தளும்பும். கேட்கிறவருக்கே மனசு இளகிவிடும். ஆனால் அந்த நேரத்தில் ராஜா எங்கே இருக்கிறது என்று விசாரித்தால், கொல்லையில் குழாயடிக்குப் பக்கத்தில், ஈரத் தரையில், நாலடிச் சங்கிலியின் முனையில் இருக்கிறது என்று தெரியவரும். பனி அங்கேயும்தான் பெய்கிறது. தெருவில் பெய்யும் பனிக்கு மட்டும் விஷம் உண்டு, கொல்லைப் பனிக்குக் கிடையாது என்று எந்த வைத்திய நூலிலும் சொல்லியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் இந்தக் கருணையை நான் நம்பத் தயாராக இல்லை. குளிர்கிறவர் எஜமானர். போர்வையை விட்டு எழுந்திருக்க மனமில்லாதவரும் அவரே. தம்முடைய சோம்பலை நேராகச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, அதை நாயின் பெயரில் எழுதிவைத்துவிடுகிறார். நாய் வாயைத் திறந்து மறுக்கப் போவதில்லை என்கிற தைரியம்!

முதலில் இந்தக் குளிர்தான் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். சென்னையில் மார்கழி விடியற்காலையில் உஷ்ணநிலை சாதாரணமாக 20 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நல்ல ஹோட்டலில் பணம் கொடுத்து ஏ.ஸி. அறை எடுத்தால், ஏறக்குறைய இந்த அளவுக்குத்தான் இயந்திரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, "அப்பாடா!" என்று படுக்கிறோம். பணம் கொடுத்து வாங்கினால் சுகம், பகவான் இலவசமாகக் கொடுத்தால் ஆபத்து என்பது என்ன நியாயம்?

இனி நாயின் உடம்பு. ஆரோக்கியமான நாயின் உடல் உஷ்ணம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். நமக்கு அந்த அளவு வந்தால் ஜுரம் என்று படுத்துவிடுகிறோம். அதற்கு அது சகஜ நிலை. மேலே ரோமம் என்ற சட்டையைப் பிறக்கும்போதே போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. "கால் தரையில் படுகிறதே?" என்று கேட்கலாம். அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. நாயின் பாதத்துக்குள் சூடான ரத்தத்தைக் கொண்டு இறங்குகிற குழாய்களும், குளிர்ந்த ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்கிற குழாய்களும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடுகின்றன. இறங்குகிற ரத்தம் தன் சூட்டை ஏறுகிற ரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் தரை எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் உடம்பின் சூடு பாதத்தின் வழியாக எளிதில் வடிந்து போவதில்லை. 2011-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இந்த அமைப்பை நுண்பெருக்கியின் மூலம் விவரமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பனிக்கட்டி மேலேயே நிற்பதற்கு ஏற்பாடு செய்யப்பட்ட கால்களை, மைலாப்பூரின் மார்கழிப் பனியிலிருந்து காப்பாற்ற நாம் கிளம்பியிருக்கிறோம்!

எல்லா நாயும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம்முடைய நாய்களுக்கு ரோமம் குட்டை. வெயில் காயும் சமவெளிக்கு ஏற்ற உடம்பு. மாதக் கணக்கு வயசுள்ள குட்டிக்கும், பல் விழுந்த கிழட்டு நாய்க்கும், வியாதியில் கிடந்து எழுந்ததற்கும் குளிர் அதிகமாகத்தான் உறைக்கும். அவற்றுக்கு விடியற்காலை வேண்டாம். எட்டு மணிக்கு வெயில் ஏறட்டும். பழைய கம்பளிச் சட்டை ஒன்றைக் கத்தரித்துப் போட்டுவிடலாம். ஒரு மணி நேர நடையை இருபது நிமிஷமாகச் சுருக்கலாம். இதெல்லாம் நேரத்தையும் அளவையும் பற்றிய யோசனை. இதிலிருந்து நடையையே நிறுத்திவிட வேண்டும் என்ற முடிவுக்கு எப்படிப் போய்ச் சேருகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

உண்மையில் நம் நாட்டு நாய் பயப்பட வேண்டிய மாதம் சித்திரை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சித்திரை நடுப்பகலில் புறங்கையைத் தார் ரோட்டின் மேல் வைத்து ஏழு வரை எண்ணிப் பாருங்கள். எண்ண முடியாது. அந்த ரோட்டில்தான், ஆபீஸிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த கையோடு நாயை இழுத்துக்கொண்டு போகிற மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அதே மனிதர்கள் மார்கழியில் கருணாமூர்த்திகளாகிவிடுகிறார்கள். வருஷத்தில் நாய் நிம்மதியாக நடக்கக்கூடிய மூன்று மாதத்தைப் பூட்டிவைத்துவிட்டு, நாக்குத் தள்ளுகிற மூன்று மாதத்தில் அதை வெளியே எடுக்கிறோம்.

இப்போது வசதியுள்ள வீடுகளில் ஹஸ்கி என்ற ஜாதி நாயை வாங்கி வளர்ப்பது ஒரு மோகமாக இருக்கிறது. பனிப் பிரதேசத்தில் சறுக்கு வண்டி இழுப்பதற்காகப் பழக்கப்பட்ட ஜாதி. 1925-ல் அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் கண்டபோது, பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கிவிட்ட குளிரில் 674 மைல் தூரம், வண்டிக்கு வண்டி கைமாற்றி, மருந்தைக் கொண்டு சேர்த்தவை இப்படிப்பட்ட நாய்கள்தாம். அந்த ஜாதியைச் சென்னையில் ஐந்தாவது மாடியில் வைத்துக்கொண்டு, மார்கழி வந்ததும், "பனிக்காற்று ஆகாது" என்று பால்கனிக் கதவைச் சாத்துகிற அழகை என்னவென்று சொல்வது! இந்த ஊரில் அதை வளர்ப்பதே சரியா என்பது வேறு சண்டை. வாங்கியாகிவிட்டது; அதற்குப் பிடித்த ஒரே பருவத்தையாவது அதற்குக் கொடுக்க வேண்டாமா?

"நடக்காவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்? சாப்பாடு போடுகிறோமே?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாப்பாட்டில்தான் வம்பு இருக்கிறது. நடை நின்றாலும் தட்டு நிற்பதில்லை. மார்கழியில் வீட்டுக்கு வருகிற வெண்பொங்கலில் நெய் சொட்டச் சொட்ட ஒரு கவளம் அதற்கும் போகிறது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை கவனித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதி நாய்களுக்கு, அவற்றின் ஜோடி நாய்கள் தின்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்தார்கள். உடம்பு இளைப்பாக இருந்த அந்தக் கூட்டம் மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு வருஷம் அதிகமாக வாழ்ந்தது. மூட்டுவலியும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமே ஆயுள் உள்ள பிராணிக்கு இரண்டு வருஷம் என்பது எவ்வளவு பெரிய பங்கு! நெய்யைக் கொடுத்து நடையைப் பிடுங்கிக்கொள்கிறவர் அன்பின் பெயரால் அந்தப் பங்கில் கை வைக்கிறார். மூட்டு ஏற்கெனவே பிடித்துக்கொண்ட கிழட்டு நாய்க்கும் குளிர் காலத்தில் முடங்கிக் கிடப்பது நல்லதல்ல; மெதுவாக, கொஞ்ச தூரம், தினமும் நடந்தால்தான் மூட்டு இறுகாமல் இருக்கும்.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். நன்றாகப் பழக்கிய நாய் வீட்டுக்குள் அசுத்தம் செய்யாது. அது அதன் கௌரவம். வெளியே அழைத்துப் போகாவிட்டால் மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு கிடக்கும். அடிக்கடி இப்படி அடக்குவதால் மூத்திரப் பையில் கிருமி சேரவும், கல் விழவும் இடமாகிறது. எஜமானர் போர்வைக்குள் இன்னும் ஒரு மணி நேரம் புரள்வதற்கு விலையாக நாய் தன் கௌரவத்தையும் உடம்பையும் கொடுக்கிறது.

இவையெல்லாம் உடம்பைப் பற்றியவை. நாய்க்கு மனசு என்று ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் காலையும் மாலையும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்கு யார் வந்தார்கள், யார் வீட்டில் விசேஷம், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். நாய்க்கு ஒவ்வொரு விளக்குக் கம்பமும் ஒரு திண்ணை. மூக்கை வைத்தால் போதும்: நேற்று ராத்திரி இந்த வழியே போனது ஆணா, பெண்ணா, தெரிந்ததா, புதிதா என்று படித்துவிடுகிறது. "நடக்காமல் கம்பத்துக்குக் கம்பம் நின்று தொல்லை கொடுக்கிறதே" என்று இழுக்கிறோம். அது வந்த காரியமே அதுதான். அந்தப் பெரியவரைத் திண்ணையிலிருந்து தூக்கி ஜன்னல் இல்லாத அறையில் இரண்டு மாதம் அடைத்துப் போட்டால் என்ன ஆவார்? முதல் வாரம் சிடுசிடுப்பார். இரண்டாவது வாரம் கத்துவார்.

நாயும் கத்துகிறது. செருப்பைக் கடித்துக் குதறுகிறது. பார்சல் கொண்டுவரும் பையனின் மேல் பாய்கிறது. தை பிறப்பதற்குள், "ராஜாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, ஸார், முன்னே மாதிரி இல்லை" என்ற பேச்சு கிளம்பிவிடும். பிறகு ஒரு நாள் அதைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே பத்து மைல் தள்ளி இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கார் போன திசையைப் பார்த்துக்கொண்டே நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிற நாயை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் பட்டையின் தழும்பு இருக்கும். எல்லா நாயும் இந்தக் கதிக்கு வருவதில்லை. ஆனால் வந்தவற்றில் பலவற்றின் கதை, "பாவம், குளிருகிறது" என்ற அந்த அருமையான வாக்கியத்தில்தான் ஆரம்பமாகியிருக்கிறது.

நம்முடைய முன்னோர்கள் ஒரு பழமொழி சொன்னார்கள்: நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று. அதைச் சொன்னவர் அவிழ்த்துவிட்ட நாயைப் பார்த்திருக்கிறார். இன்றைக்கு இருந்தால் மாற்றித்தான் சொல்லியிருப்பார். நம் வீட்டு நாய்க்கும் வேலை இல்லை. நிற்பதற்கு மட்டும் நாள் முழுவதும் நேரம் இருக்கிறது.

சமாதானங்கள் இன்னும் சில உண்டு. "மொட்டை மாடியில் அவிழ்த்துவிடுகிறோமே" என்பது ஒன்று. மொட்டை மாடியில் நேற்று இருந்த தண்ணீர்த் தொட்டியும் துணிக் கொடியும்தான் இன்றும் இருக்கும். பெரிய சிறைக்கூடம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"மழை பெய்கிறதே" என்பது மற்றொன்று. ஐப்பசி, கார்த்திகையில் இதில் நியாயம் இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் எலியின் மூத்திரம் கலந்து, லெப்டோஸ்பைரோஸிஸ் என்ற நோய் நாய்க்கும் மனிதருக்கும் பரவக்கூடும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. வருஷம் தவறாமல் போட வேண்டும். தேங்கிய தண்ணீரில் இறங்கவும் குடிக்கவும் விடக் கூடாது. திரும்பியதும் விரல் இடுக்கெல்லாம் துடைத்து உலர்த்த வேண்டும். அடைமழை நாள் முழுவதும் ஒரே சீராகப் பெய்வதில்லை. அரை மணி வெறிக்கும். காய்கறி வாங்கவும் காபிப் பொடி வாங்கவும் அந்த அரை மணியைக் கண்டுபிடிக்கத் தெரிந்த நமக்கு, இதற்கு மட்டும் தெரியாமல் போய்விடுமா?

உண்மையான குளிர் உள்ள இடம் என்றால் நீலகிரியைச் சொல்லலாம். உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் பள்ளமான புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்துவிடும். அங்கே உள்ளவர்கள் குளிரோடு சிறுத்தையையும் சேர்த்துச் சொல்வார்கள். அது வெறும் சாக்கு அல்ல; இருட்டில் குடியிருப்புக்குள் வந்து நாயைத் தூக்கிச் செல்வது அங்கே நடக்கிற காரியம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: சிறுத்தைக்கு மிகவும் சௌகரியமான நாய் எது? ராத்திரி வாசலில் ஓடவும் வழியில்லாமல் கட்டிப் போட்ட நாய். ஆகவே அந்த வாதம் எஜமானருக்கு எதிராகவே திரும்புகிறது. ராத்திரி நாய் வீட்டுக்குள் இருக்கட்டும். காலை பத்து மணிக்கு, பனி உருகி வெயில் வந்த பிறகு, வாரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜன நடமாட்டம் உள்ள ரோட்டில் நடக்கட்டும். குளிருக்கும் சிறுத்தைக்கும் இந்த ஒரே பதில் போதும்.

"எனக்கு நேரமில்லை, அவள் பார்த்துக்கொள்வாள்" என்ற சமாதானத்துக்குத்தான் கோபம் வருகிறது. நாயை ஆசைப்பட்டு வாங்கி வந்தவர் ஐயா; அதற்குச் சோறு பிசைகிறவள் அம்மா. மார்கழியில் விடிவதற்கு முன் எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, அடுப்பு மூட்டி, குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்கிறவளும் அவளே. இந்த வீட்டில் விடியற்காலையில் சும்மா இருக்கிற பிராணிகள் இரண்டுதான். இரண்டையும் ஒன்றாக வெளியே அனுப்பினால் அம்மாளுக்கும் சௌகரியமாக இருக்கும். சர்க்கரை வியாதிக்குத் தினம் அரை மணி நேரம் நடக்கும்படி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஐயாவின் சட்டைப் பையில் இருந்தாலும் இருக்கும்.

அன்புக்கும் நியாயத்துக்கும் மசியாதவர்களுக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. கலாக்ஷேத்ராவை ஸ்தாபித்த ருக்மிணி தேவி அருண்டேலை நடனத்துக்காக நினைவு வைத்திருக்கிறோம். 1952-ல் ராஜ்ய சபைக்கு நியமனம் பெற்ற அவர், அங்கே பிராணிகளுக்காக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பலனாக 1960-ல் மிருகவதைத் தடைச் சட்டம் பிறந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் ஏற்பட்டபோது அவரே அதன் முதல் தலைவரானார். அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவில், அடிப்பது, உதைப்பது, பட்டினி போடுவது ஆகிய கொடுமைகளின் வரிசையிலேயே, எப்போதும் சங்கிலியிலோ அடைப்பிலோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் கொடுக்காமல் இருப்பதும் ஒரு குற்றமாகச் சேர்ந்திருக்கிறது. தாமே நடத்த வேண்டும் என்றுகூட இல்லை. ஆளை வைத்து நடத்தச் செய்தாலும் போதும். மார்கழிக்கு விதிவிலக்கு என்று அதில் ஒரு வரி கிடையாது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960-ல் 50 ரூபாய் ஒரு குடும்பத்தை யோசிக்க வைக்கிற தொகை. இன்றைக்கு அது ஒரு நல்ல ஹோட்டலில் காபி குடிக்கவும் காணாது. சட்டத்தின் பல் விழுந்துவிட்டது. அதில் உள்ள நியாயம் விழவில்லை.

ஆல்ப்ஸ் மலை முழங்கால் ஆழப் பனியில் கிடக்கிற ஸ்விட்ஸர்லாந்தில், 2008-ல் வந்த பிராணி பாதுகாப்பு விதிகள் நாயைத் தினந்தோறும், அதன் தேவைக்கு ஏற்றபடி, வெளியே அழைத்துப் போக வேண்டும் என்று சொல்கின்றன. தினந்தோறும் என்றால் தினந்தோறும்தான்.

அயல்நாட்டு உதாரணம் பிடிக்காதவர்கள் நம் பாரதத்தையே எடுத்துக்கொள்ளலாம். பாண்டவர்கள் ராஜ்யத்தைத் துறந்து வடக்கே நடந்தார்கள். பின்னால் ஒரு நாயும் நடந்தது. திரௌபதி விழுந்தாள், தம்பிமார் ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஹிமாலயத்தின் பனியில் கடைசிவரையில் தர்மபுத்திரரோடு நடந்து வந்தது அந்த நாய்தான். இந்திரன் தேரைக் கொண்டுவந்து நிறுத்தி, நாயை விட்டுவிட்டு ஏறச் சொன்னபோது, அப்படிப்பட்ட சொர்க்கம் வேண்டாம் என்றார் அவர். நாயாக வந்தது தர்மதேவதை என்பது பிறகுதான் தெரிந்தது. கதாகாலட்சேபத்தில் இந்த இடம் வரும்போது சபையில் கண்ணீர் விடாதவர் கிடையாது. ஆனால், "பாவம், குளிருகிறது" என்று அந்த நாயை மலையடிவாரத்திலேயே கட்டிப் போட்டுவிட்டுப் போகவில்லை தர்மபுத்திரர் என்பதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. அவரும் உடன் நடந்தார். அவ்வளவுதான் விஷயம்.

ஹிமாலயம் வேண்டாம். தெருக்கோடிப் பிள்ளையார் கோவில் வரை போதும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, கம்பத்துக்குக் கம்பம் நின்று, அது படித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, திரும்பி வந்து காலைத் துடைத்துவிடுங்கள். குல்லாவைத் தாராளமாகப் போட்டுக்கொண்டு போகலாம். நாய் ஒன்றும் நினைத்துக்கொள்ளாது.